ஏழு மணிக்குள் மறுப்பு வராவிட்டால்

1

எனக்குப் பழிவாங்கப் பிடிக்கும். இதை எழுத்தில் போட்டால் நன்றாக இருக்காது என்று என் வீட்டுக்காரர் காஜா சொல்கிறார். நன்றாக இல்லாமல் போகட்டும். பொங்கி உடனே அடங்குகிற கோபம் இல்லை என்னுடையது. ஆறப் போட்டு, மறக்காமல் வைத்திருந்து, நாள் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிற ரகம். டெக்சஸில் காப்பெல் என்கிற இந்த ஊருக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே எவரும் எவரிடமும் முகம் கொடுத்துச் சண்டை போடுவதில்லை. வேலியில் நின்று சிரிப்பார்கள். பிறகு வீட்டுக்குள் போய்க் குடியிருப்பு அசோசியேஷனுக்கு மின்னஞ்சல் அனுப்புவார்கள். அதனால் என் திறமைக்கு வேலையே இல்லாமல் இருந்தது. இந்த வருட நோன்பு மாதத்தில்தான் வேலை வந்தது.

சங்கதி இதுதான். இங்கே ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு மாதிரி மாநாடு என்று ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாகக் கோட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உலகப் பிரச்சினைகளைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் தீர்த்துவிடுவார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் எழுத உதவும் என்பதால் நம்மவர்கள் பிள்ளைகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பெற்றோர்கள் சேர்ந்து இதற்காக ஒரு கிளப் நடத்துகிறோம். நடத்துகிறோம் என்று பேருக்குச் சொல்கிறேன். நடத்துவது பாஸ்கர் சார்.

பாஸ்கர் சென்னைக்காரர். ஏதோ கம்பெனியில் டைரக்டர். அவர் மகன் நிகிலும் என் மகள் ஹஃப்ஸாவும் ஒரே வகுப்பு, பதினொன்றாவது. வசந்தகால மாநாட்டில் யார் நன்றாகச் செய்கிறார்களோ அவர்களைக் கலிபோர்னியாவில் சான் ரமோனில் நடக்கும் பெரிய மாநாட்டுக்குக் கிளப் அனுப்பும். ஹஃப்ஸா ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து அந்த டீமில் இடம் பிடிக்க வேண்டும் என்று கிடக்கிறாள். இரண்டு முறை பெயர் வரவில்லை. அடுத்த வருடம் கல்லூரி விண்ணப்ப அலைச்சல் வந்துவிடும். இந்த வருடம் விட்டால் இல்லை.

2

பாஸ்கர் ஒரு வழிமுறை கண்டுபிடித்து வைத்திருந்தார். எந்த முடிவானாலும் வாட்ஸப் குழுவில் ஆறு மணிக்குப் போடுவார். 'இது டிராஃப்ட். ஏழு மணிக்குள் அப்ஜெக்‌ஷன் வராவிட்டால் ஃபைனல்.' அவ்வளவுதான். ஏழு அடித்ததும், 'அப்ரூவ்ட், தேங்க்ஸ் ஆல்.'

மற்ற மாதங்களில் இது எனக்கு உறைக்கவில்லை. நோன்பில் உறைத்தது. இங்கே அப்போது சூரியன் மறைவது ஆறரை மணிவாக்கில். ஆறு மணிக்குக் கஞ்சி அடுப்பில் இருக்கும், சமோசா எண்ணெயில் இருக்கும். பிறகு நோன்பு திறந்து, மஃரிப் என்கிற அந்தித் தொழுகை தொழுது எழுந்து வந்து போனைப் பார்த்தால் காரியம் முடிந்திருக்கும். மாநாட்டில் யாருக்கு எந்த நாடு என்கிற பட்டியலும் அப்படித்தான் வந்தது, அப்படித்தான் முடிந்தது.

இந்த வருடக் கமிட்டி ஒரு பிராந்தியப் பாதுகாப்பு அமைப்பு. பெயர் வேண்டாம், வம்பு எதற்கு. சில உறுப்பு நாடுகள், அவற்றோடு ஒத்துழைக்கும் ஒரே ஒரு கூட்டாளி நாடு. உறுப்பு நாடுகளில் பெரியது நிகிலுக்கு. கூட்டாளி நாடு ஹஃப்ஸாவுக்கு. கூட்டாளி நாட்டுக்கு மேசையின் கோடியில் நாற்காலி உண்டு, முன்னால் பெயர்ப்பலகை உண்டு, ஓட்டுக் கிடையாது. அது தீர்மானம் கொண்டுவர முடியாது, மறுக்கவும் முடியாது. துறைமுகத்தைத் திறந்துவிட வேண்டும், கடலில் திரியும் கப்பல்களைப் பற்றித் தகவல் தர வேண்டும், கூட்டுப் பயிற்சிக்கு ஆள் அனுப்ப வேண்டும், கடைசியில் குழுப் படத்தில் ஓரமாக நிற்க வேண்டும்.

நான் பாஸ்கருக்குப் போன் செய்தேன். "சார், நாங்க நோன்பு தொறக்கற நேரம் சார் அது. நான் பாக்கறதுக்குள்ள முடிச்சுட்டீங்க."

"ஓ, சாரி மேடம், நோட் பண்ணிக்கறேன். ஆனா எல்லாரும் ஓகேன்னுட்டாங்க. இப்ப ரீஓப்பன் பண்ணா மத்த பேரன்ட்ஸ் கேப்பாங்க இல்லையா?"

"எல்லாரும் எங்க சார் ஓகே சொன்னாங்க? யாரும் எதுவும் சொல்லல."

"அதான் மேடம், நோ அப்ஜெக்‌ஷன்."

எனக்கு இன்னொரு பழைய கணக்கும் இருந்தது. நான் சென்னையில் பாதுகாப்பு ஆய்வில் எம்.ஏ. படித்தவள். இந்த மாதிரி அமைப்புகளும் கூட்டாளி நாடுகளும் எப்படிப் பேரம் பேசுகின்றன என்பதுதான் என் ஆய்வேடு. கிளப் ஆரம்பித்தபோது, நானும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன் என்று போய் நின்றேன். பாஸ்கர் பாதி கேட்டுவிட்டு, "மேடம், லஞ்ச் கமிட்டிதான் மேடம் பேக்போன். அதை உங்களை விட்டா யார் பாப்பாங்க? கோச்சிங் நாங்க பாத்துக்கறோம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

3

ஓட்டில்லாத நாற்காலி எனக்குப் புதிதில்லை. காஜாவின் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவள் நான். கிரீன் கார்டு வரிசை நகர்கிறதா என்று மாதாமாதம் பார்ப்பதும், வேலை அனுமதி காலாவதியாகுமுன் விரல் ரேகை கொடுக்க ஓடுவதும், வரி கட்டுவதும், தேர்தல் அன்று அடுத்த வீட்டுக்காரி ஓட்டுப் போட்டதற்கான ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து 'குட் ஃபார் யூ' என்பதும் பழகிவிட்டது.

அதற்கும் முன்னால் என்னைப் பெற்ற அத்தாவிடம் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு உத்தமபாளையம். மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் லாரிகளுக்கு அங்கே ஒரு சங்கம் இருந்தது. வழியில் திருட்டும் தகராறும் இருந்ததால் லாரிகள் ஒன்றாகச் சேர்ந்துதான் மலை ஏறும். என் அத்தாவிடம் சரக்கு லாரி கிடையாது. பள்ளத்தில் இறங்கிய வண்டியை இழுத்துவிடுகிற கிரேன் வண்டி ஒன்று மட்டும் இருந்தது. அதனால் அவர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. கூப்பிட்டால் வர வேண்டும், கூட்டத்தில் பேசக் கூடாது. ஒரு முறை தலைவர் அவரை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கச் சொல்லிவிட்டார். அத்தா எழுந்து வந்துவிட்டார். அந்த வாரமே தலைவரின் சொந்த லாரி ஒரு கொண்டை ஊசி வளைவில் சாய்ந்து நின்றது. ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். அத்தா சட்டையை மாட்டினார், டீ குடித்தார், வண்டியில் கிரீஸ் போட்டார், மறுபடியும் டீ குடித்தார். சாயங்காலம்தான் கிளம்பினார். எனக்கு அவர் மூக்கு வந்திருக்கிறது என்பார்கள். மூக்கு மட்டும் இல்லை.

ஹஃப்ஸா கூட்டாளி நாட்டுக் காகிதங்களை மேசையில் எறிந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பேசுவது எல்லாம் ஆங்கிலம். நான் கேட்பது எல்லாம் தமிழ். உங்களுக்காக அவள் பேச்சையும் தமிழில் தருகிறேன்.

"ஓட்டே இல்லாம நான் என்னம்மா செய்ய முடியும்?"

"அவங்களுக்குப் பெரிய தொறமுகம் இருக்கா?"

"இல்ல. அதுக்குத்தான் நம்மகிட்ட வர்றாங்க."

"அப்ப உனக்கு ஓட்டு எதுக்கு?" என்றேன்.

அன்றைக்கு இருவரும் விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்தோம். அதில் மௌன நடைமுறை என்று ஒன்று இருந்தது. நிஜ அமைப்புகளிலும் உள்ளதுதான். ஓர் உறுப்பு நாடு தீர்மான வரைவை எல்லாருக்கும் அனுப்பி ஒரு நேரம் குறிக்கும். அந்த நேரத்துக்குள் எந்த உறுப்பு நாடும் எழுத்தில் மறுக்காவிட்டால் அது நிறைவேறியதாக அர்த்தம். பாஸ்கரின் வாட்ஸப் முறை அப்படியே. மனிதர் எங்கேயிருந்து பிடித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நம்ம சாப்பாட்டு நேரத்துல அவரு முடிக்கறாருல்ல," என்றேன். "அவங்க சாப்பாட்டு நேரம் எப்ப?"

ஹஃப்ஸா என்னை நிமிர்ந்து பார்த்தாள். மாநாட்டு நாளில் மதியம் எல்லாரும் சாப்பிடப் போவார்கள். அவள் நோன்பு. அவள் மட்டும் போகமாட்டாள்.

"அது கொஞ்சம் கேவலம் இல்லையாம்மா?" என்றாள். ஆனால் சிரித்தாள். அவள் என்னோடு சேர்ந்து சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. சாதாரணமாக அறைக் கதவு சாத்தியிருக்கும், காதில் எதையாவது மாட்டியிருப்பாள். அந்த இரண்டு வாரமும் கதவு திறந்தே கிடந்தது.

4

மாநாடு பக்கத்து ஊரில் ஒரு கல்லூரி வளாகத்தில். எங்கள் கமிட்டிக்கு மதியச் சாப்பாடு போடும் முறை அன்று எங்கள் கிளப்புக்கு. பீட்சா போதும் என்றார் பாஸ்கர். நான் விடவில்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவள் படுக்கவே இல்லை. சீரகச் சம்பாவில் கோழி பிரியாணி, சைவப் பிள்ளைகளுக்குத் தனி அடுப்பில் தனிக் கரண்டியில் காய்கறி பிரியாணி, தால்சா, தயிர்ப் பச்சடி. நோன்பு வைத்துக்கொண்டு உப்புப் பார்க்க முடியாது. ஆவியை மோந்து பார்த்தே இறக்கினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பிரியாணி நான் செய்ததில்லை. அன்பில் சமைத்தால் ருசி வரும் என்று யார் சொன்னது? வன்மத்தில் இன்னும் நன்றாக வரும்.

கூட்டாளி நாடு வரைவு கொண்டுவர முடியாது என்பதால் ஹஃப்ஸா ஓர் உறுப்பு நாட்டைப் பிடித்திருந்தாள். பிளேனோ பக்கத்திலிருந்து வந்த சோமாலியப் பெண், ஐடில் என்று பெயர், அவளும் நோன்பு. அவளுடையது ஒரு சின்னத் தீவு நாடு. காலையெல்லாம் நிகில் தரப்பு, அமைப்பின் கப்பல்கள் கூட்டாளி நாட்டின் துறைமுகத்தை வேண்டும்போதெல்லாம் பயன்படுத்தலாம் என்று பேசியது. ஹஃப்ஸா கோடி நாற்காலியில் அமைதியாகக் குறிப்பு எடுத்தாள். பன்னிரண்டரைக்குத் தலைவர் மணியடித்ததும் ஐடில் பெயரில் வரைவு எல்லாருடைய மடிக்கணினிக்கும் போனது. அதன்படி, துறைமுகத்தைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் கூட்டாளி நாட்டின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். சம்மதம் தரும் நாளில் திட்டமிடும் மேசையில் அதற்கு உறுப்பினருக்குச் சமமான இடம் வேண்டும். மறுக்க விரும்புவோர் ஒரு மணிக்குள் எழுதலாம்.

சாப்பாட்டு அறையில் நான் மூடியைத் திறந்தேன். பிள்ளைகள் தட்டோடு வந்து மொய்த்தார்கள். கணினியை எல்லாம் பையில் போட்டுவிட்டார்கள். இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. பாஸ்கர்கூட காய்கறி பிரியாணியை இரண்டு தடவை வாங்கினார். "மேடம், டிவைன்" என்றார். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க சார்" என்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பரிமாறினேன்.

ஒன்றேகாலுக்கு எல்லாரும் திரும்பி வந்தபோது, தலைவராக இருந்த கல்லூரிப் பெண் எழுந்து, வரைவு மறுப்பின்றி நிறைவேறியது என்று படித்தாள். அறையில் ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராகக் கணினியைத் திறந்தார்கள். பின்வரிசையில் பெற்றோர்களோடு உட்கார்ந்திருந்த பாஸ்கர் இடைவேளையில் தலைவரிடம் ஓடினார். விதிப்படிதான் நடந்திருக்கிறது என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். அவர் திரும்பும்போது நான் காலி டிரேக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"லஞ்ச் டைம்ல எப்படி மேடம்? பசங்க சாப்பிடப் போயிருந்தாங்க."

"அதான் சார், நோ அப்ஜெக்‌ஷன்" என்றேன்.

சாயங்காலம் சிறந்த பிரதிநிதி பரிசு ஹஃப்ஸாவுக்கு. நான் கைதட்டிய தட்டலில் உள்ளங்கை எரிந்தது.

5

வண்டியில் வரும்போது ஹஃப்ஸா சொன்னாள். "அம்மா, நிகில் பாத்தான்."

"என்னத்த?"

"வரைவை. பாதிச் சாப்பாட்டுலயே திரும்பி வந்துட்டான். நான் தனியா இருப்பேன்னு துணைக்கு வந்தான். என் முன்னாடிதான் படிச்சான். 'ஒரு மணின்னு வச்சது நாங்க சாப்பிடப் போவோம்னுதானா?'ன்னு கேட்டான். ஆமான்னேன். 'நியாயம்தான். எங்கப்பா உங்க வீட்டுக்கு இதைத்தான் செய்றார். அந்த நேரத்துலதான் வாக்குவாதம் வராதுன்னு வீட்ல சொல்வார்'ன்னான். கணினியை மூடிட்டு ஒரு மணி வரைக்கும் என்கூடப் பேசிட்டு இருந்தான்."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல். சஹரிலிருந்து நின்று சமைத்துச் சம்பாதித்த வெற்றி, அந்தப் பையன் போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்ததா? அடுத்து வந்தது ஆத்திரம். பாஸ்கர் தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தேதான் செய்திருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவன் அப்பாவுக்குத் தெரிஞ்சா அவனுக்குக் கஷ்டம்."

"நான் ஏன் சொல்லப்போறேன்" என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

மறுநாள், மாநாடு எப்படி நடந்தது என்று பேச பாஸ்கர் வீட்டு கராஜில் கூட்டம். பெற்றோர்களும் பிள்ளைகளும் மடக்கு நாற்காலிகளில் இருந்தார்கள். பாஸ்கர் எழுந்து பொதுவாகப் பேசுவது போல ஆரம்பித்தார். "டெக்னிக்கலி தப்பில்ல. ஆனா அடுத்தவங்க சாப்பிடற நேரம் பாத்து ஒரு விஷயத்த முடிக்கறது எத்திக்கல் இல்ல. நிகில் மட்டும் பாத்திருந்தா ஒரு செகண்ட்ல அப்ஜெக்ட் பண்ணிருப்பான்."

எத்திக்கல். அந்த ஒரு வார்த்தைதான். ஹஃப்ஸா என் புர்கா நுனியைப் பிடித்து இழுத்தது தெரிந்தது.

"பாத்தான் சார்" என்றேன். "உங்க பையன் பாத்தான். ஒக்காந்து முழுசா படிச்சான். எங்க நோன்பு நேரத்துல நீங்க வேணும்னே மெசேஜ் போடறது அவனுக்குத் தெரியும். அதனாலதான் விட்டுட்டான். அவன்கிட்டயே கேளுங்க."

நிகில் ஓரத்தில் காகிதக் கோப்பைகளோடு நின்றிருந்தான். அப்பா திரும்பிப் பார்த்ததும் அவன் தலையை ஆட்டினான். மறுக்கக்கூட இல்லை. பாஸ்கரின் முகம் போன போக்கை நான் மறைக்காமல் சொல்கிறேன்: நான் ரசித்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து ரசித்தேன். அத்தா இரண்டாவது டீயைக் குடித்தபோது இப்படித்தான் இருந்திருக்கும்.

வண்டியில் ஏறியதும் ஹஃப்ஸா காதில் எதையோ மாட்டிக்கொண்டாள். நோன்பு திறக்கும்போது தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இரண்டு நாளில் சரியாகிவிடுவாள் என்றார் காஜா. சரியாகவில்லை.

6

அந்த வாரக் கடைசியில், வழக்கம்போல ஆறு மணிக்கு, சான் ரமோன் டீம் பட்டியல் குழுவில் வந்தது. முதல் பெயர் ஹஃப்ஸா. நான் மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவைதான் கவனித்தேன், நிகில் பெயர் இல்லை. பெற்ற பிள்ளையையே அவர் எடுத்துவிட்டிருந்தார். கீழே அதே வரி, ஏழு மணிக்குள் அப்ஜெக்‌ஷன் வராவிட்டால் ஃபைனல்.

"ஏழு மணி இந்தத் தடவ நமக்காக அடிக்கப்போகுது" என்று காஜாவிடம் சொன்னேன்.

"அந்தப் பையன் பேரு இல்லையே" என்றார் அவர்.

"அது அவங்க வீட்டு விவகாரம்."

ஹஃப்ஸாவைக் கீழே கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என் போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். காஜாவின் போனில் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் கடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு நானும் காஜாவும் தொழுகைக்கு நின்றோம். மாதவிலக்கு என்பதால் அவளுக்கு அந்த வாரம் தொழுகை இல்லை, என் போனோடு மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

தொழுதுவிட்டு வந்து கஞ்சிக் கோப்பையை எடுத்தபோது போன் குதித்துக்கொண்டே இருந்தது. குழுவைத் திறந்தேன். என் பெயரில், என் படத்துக்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் ஒரு செய்தி இருந்தது: 'நான் மறுக்கிறேன். ஹஃப்ஸா விலகிக்கொள்கிறாள். அந்த இடம் நிகிலுக்குச் சேர வேண்டியது. அன்று அவன் நடந்துகொண்டதுதான் சரி. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மெஹர்.' அதற்குக் கீழே இதயங்களும் கும்பிட்ட கைகளும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ஏழு மணி தாண்டி இருந்தது. 'அப்ரூவ்ட்' என்று மட்டும் போட்டிருந்தார் பாஸ்கர்.

"உனக்குப் பைத்தியமா? மூணு வருஷமா நீதானடி அந்த எடத்துக்குக் கெடந்த?" என்றேன்.

"ஆமா," என்றாள் ஹஃப்ஸா. "எனக்கு வேணும். இப்பவும் வேணும்." கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

நான் அனுப்பவில்லை என்று குழுவில் எழுத இரண்டு முறை போனை எடுத்தேன். எழுதினால் என்ன ஆகும்? என் மகள் என் பெயரில் பொய் எழுதினாள் என்று ஊரே படிக்கும். எழுதாவிட்டால் நான் நல்லவள். காஜா கஞ்சியைக் குடித்துக்கொண்டே, "நல்லவளாவே இருந்துட்டுப் போ, என்ன இப்ப" என்றார்.

பாஸ்கர் அடுத்த நாள் போன் செய்தார். மனிதர் குரல் உடைந்திருந்தது. "மேடம், நீங்க செஞ்சதுக்கு முன்னாடி நான் ரொம்பச் சின்னவனாயிட்டேன். உங்க பெரிய மனசு யாருக்கும் வராது. அடுத்த வருஷம் கோச்சிங் நீங்கதான் பாக்கணும்." நான் எத்தனையோ வருடம் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அதை வாயில் போட்டு மெல்லக்கூட முடியவில்லை. பள்ளிவாசலில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நோன்பு மாதத்தில் என்ன ஒரு மன்னிப்பு என்கிறார்கள். நான் சிரிக்கிறேன். எவ்வளவு சிரிக்கிறேனோ அவ்வளவுக்கு உள்ளே எரிகிறது.

மன்னிக்காத ஒருத்திக்கு மன்னித்தவள் என்று பெயர் வைத்து ஊர் மெச்ச விட்டுவிட்டால், அவள் அதற்குப் பிறகு எவரையும் பழிவாங்க முடியாது. ஒவ்வொரு நாளும் அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரி நடந்தாக வேண்டும். இதைவிடச் சுத்தமாக யாரும் என்னைப் பழிவாங்கியதில்லை. இரண்டு வாரம் கதவு திறந்து கிடந்தபோது நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.